ஒரே தாளில் இரண்டு நோட்டீஸ்

எங்கள் ஊராட்சியை மாநகராட்சியோடு இணைக்கச் சட்டம் வரப்போகிறதாம். வந்தால் நூறுநாள் வேலை போய்விடும். கண்டன நோட்டீஸ் அடிக்கச் சிவகாசி அச்சகம் ஒன்றுக்குப் போனேன்.

அங்கிருந்த மிஷின்காரருக்குக் காதெல்லாம் மை. எந்தத் தாளையும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் பேசுவார். நான் எழுதிக் கொடுத்ததை அச்சடித்து அவர் நீட்டிய தாளின் மேல்பாதியில் என் கண்டனம். கீழ்ப்பாதியில், இணைப்பை வரவேற்று எங்கள் ஊர் மனை வியாபாரி போட்ட நன்றி நோட்டீஸ்!

"என்னங்க இது?"

"ஒரே ஷீட்டுல ஓட்டுனா பேப்பர் மிச்சம் அண்ணாச்சி. வெட்டுற வரைக்குமாவது ஒத்துமையா இருங்களேன்."

வெட்டி முடித்தபோது, என் கடைசி வரியான 'இணைப்பை எதிர்ப்போம்!' வியாபாரியின் நோட்டீஸ் உச்சியில் உட்கார்ந்திருந்தது.

"கத்தி வழுக்கிருச்சு" என்று தாளை முகர்ந்தார். "எங்க வீட்லயும் நூறுநாள் வேலைக்குத்தான் போறாக."

அந்தக் கத்தி அதற்கு முன் எப்போதாவது வழுக்கியிருக்குமா? எனக்கு இன்றும் சந்தேகம்தான்.