ஜிம்மி கற்ற ஜெபம்

சிவப்புச் சிமென்டுத் தரையில் நாயின் எச்சில் சொட்டும் சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். சாதாரணமாக அது காதில் விழக்கூடிய சத்தமும் அல்ல. ஆனால் வீட்டில் எல்லாரும் கண்ணை மூடிக் கையைக் குவித்து, அப்பா முன்னால் சொல்லச் சொல்ல ஜெபம் சொல்லிக்கொண்டிருக்கும்போது, ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே அவர் மூச்சு வாங்கும் இடைவெளியில், "சொட்... சொட்..." என்று அது கேட்கும். ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தால், தன் அலுமினியத் தட்டுக்கு முன்னால் பின்னங்கால்களில் உட்கார்ந்து, முன்னங்கால் இரண்டையும் நெஞ்சுக்கு நேரே தூக்கிக்கொண்டு, சோற்றைப் பார்க்காமல் என் அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் எங்கள் ஜிம்மி.

ஐம்பதுகளின் நடுவில், திருச்சி பாலக்கரையில், மாதா கோவில் மணி அடித்தால் அடுக்களைப் பாத்திரங்கள் அதிரும் அளவுக்குப் பக்கத்தில் ஒரு சந்தில் குடியிருந்தோம். அப்பா ரயில்வே ஆபீசில் கிளார்க். அண்ணன் சேசுராஜ் என்னைவிட மூன்று வயது மூத்தவன். வீட்டில் எல்லாருக்கும் அவன் "சேசு". அவனுக்குப் பத்து வயதில் மூட்டு வீங்கி ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் இறங்கிவிட்டது, ஆனால் போகும்போது நெஞ்சுக்குள் எதையோ கெடுத்துவிட்டுப் போயிருந்தது. ஓடக்கூடாது, சைக்கிள் கூடாது, படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மலைக்கோட்டையை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு, கயிற்றுக் கட்டிலில் சாய்ந்தபடியே அவன் பொழுது போனது. அவன் கேட்காமலே தண்ணீர் வரும், தலையணை வரும், விசிறி வரும். அவனைக் கேட்டு நடக்கிற காரியம் என்று அந்த வீட்டில் ஒன்றுமில்லை.

பையனுக்குத் துணையாக இருக்கட்டும் என்று, மன்னார்புரத்தில் குடியிருந்த நண்பர் வீட்டில் நாய் போட்ட குட்டிகளில் ஒன்றை அப்பா ஒரு நாள் மஞ்சள் பைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். "இருக்கிற வேலை பத்தாதுன்னு இது வேறயா? நாய் முடி சோத்துல விழுந்தா நான் பொறுப்பில்லங்க" என்றாள் அம்மா. அன்று மாலையே அது அண்ணனின் போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. அவளும் பார்த்தும் பார்க்காததுபோலப் போய்விட்டாள்.

நாய்க்குத் தமிழ் தெரியும் என்று எங்கள் ஊரில் யாரும் நம்புவதில்லை, அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி. அதனால் ஜிம்மியின் படிப்பு இங்கிலீஷில்தான் தொடங்கியது. "சிட்", "கம்", "ஷேக் ஹேண்ட்". முக்குக் கடையிலிருந்து வாங்கிவந்த "பொறை" ரொட்டியைத் துண்டு துண்டாக உடைத்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வான் அண்ணன். ஒரு துண்டை அதன் மூக்குக்கு மேலே பிடித்து மெல்லப் பின்னால் கொண்டுபோனால், அண்ணாந்து பார்த்துப் பார்த்து நாய் தானாகவே உட்கார்ந்துவிடும். உட்கார்ந்த அந்த நொடியில் "சிட்" என்று சொல்லித் துண்டைக் கொடுத்துவிட வேண்டும். நொடி தப்பினால் நாய் வேறெதையோ கற்றுக்கொண்டுவிடும் என்பான். அவன் அதட்டி நான் பார்த்ததே இல்லை. அதட்டினால் அவனுக்கே மூச்சு வாங்கும். பால்காரர் ஒரு நாள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "நாய்க்குத் தெரிஞ்ச இங்கிலீசு எனக்குத் தெரியலையே தம்பி" என்று சிரித்தார். ஜிம்மி அவருக்கும் கை கொடுத்தது.

அப்பாவின் செருப்பை எடுத்துவரும், பேப்பரைக் கசங்காமல் கவ்விவரும், தன் வாலைத் தானே பிடிக்கச் சுற்றி விழும். விரலைத் துப்பாக்கியாக நீட்டி "டுமீல்" என்றால் செத்ததுபோல் மல்லாந்து கிடக்கவும் கற்றுக்கொடுத்தான். அதை மட்டும் அம்மா ஒரே நாளில் நிறுத்திவிட்டாள். "விளையாட்டுக்குக்கூடச் சாவு இந்த வீட்ல வேணாம்டா" என்றாள். ஏன் என்று அவன் கேட்கவில்லை.

அதற்குப் பதிலாகத்தான் ஜெபம் வந்தது என்று நினைக்கிறேன். ஜெபம் சொல்லாமல் எங்கள் வீட்டில் யாரும் சோற்றில் கை வைக்க முடியாது. நாங்கள் வைக்காத கையை நாய் மட்டும் வாயாக வைக்கலாமா என்று அண்ணனுக்கு ஒரு நியாயம் தோன்றியது. "ஆமென்" என்றதும் சாப்பிடலாம் என்று பழக்கினான். அதில் ஒரு சிக்கல் இருந்தது. தொடக்கத்தில் சிலுவை போடும்போதே ஒரு ஆமென் வந்துவிடும்; ஜிம்மி பாய்ந்து, நாங்கள் முடிப்பதற்குள் தட்டைக் காலி செய்துவிடும். அந்த நாளில் எங்கள் பெரிய ஜெபங்கள் வெறும் ஆமென்னோடு முடிவதில்லை, "ஆமென் சேசு" என்று முடியும். சேசு என்றால் இயேசு; அண்ணனுக்கு வைத்ததும் அந்தப் பெயர்தான். ஆகவே "ஆமென்" என்றால் பொறு, "ஆமென் சேசு" என்றால் சாப்பிடு என்று மாற்றிக் கற்றுக்கொடுத்தான்.

முதலில் அம்மாவுக்கு இது சர்வேசுரனைக் கேலி செய்வதாகப் பட்டது. சாமியாரிடம் பாவத்தை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டிய சமாசாரம் என்றுகூடச் சொன்னாள். வீடு மந்திரிக்க வந்த மாதா கோவில் சாமியார் இதைப் பார்த்துவிட்டு, "இந்த வீட்ல ஒருத்தராவது பராக்குப் பாக்காம ஜெபம் சொல்றாங்களே, இருக்கட்டும்மா" என்று சிரித்த பிறகுதான் சமாதானமானாள். அப்பாவோடு வேலை பார்த்த ஸ்ரீரங்கத்து மாமா ஒருவர் இதைப் பார்ப்பதற்காகவே வருவார். எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காத ஆசாரக்காரர். ஆனால் நாய் ஜெபம் சொல்லி முடிக்கும்வரை நகர மாட்டார். "பெருமாளுக்குக் கண்டருளப் பண்றதுக்குள்ள எங்காத்துப் பசங்க தளிகையுள்ளுல தலையை நீட்டிடறதுகள். இது என்னடான்னா ஆடாம அசையாம உக்காந்துண்டிருக்கே!" என்று, சாமிக்குப் படைக்கும்வரை பொறுக்காமல் அடுக்களைக்குள் எட்டிப் பார்க்கும் தன் வீட்டுப் பிள்ளைகளோடு ஒப்பிட்டு வியந்துபோவார்.

வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எல்லாரும் தாங்களும் ஒரு தரம் "ஆமென் சேசு" சொல்லிப் பார்த்தார்கள். ஜிம்மி அசையவில்லை. அப்பா சொன்னார், நான் சொன்னேன், ஊஹூம். அம்மா மட்டும் இந்த விளையாட்டில் சேரவில்லை. அது அண்ணனைத் திரும்பிப் பார்க்கும். அவன் சொன்னால்தான் வாய் வைக்கும். அப்போது அவன் முகத்தில் ஒரு பெருமை வரும். அதைப் பார்ப்பதற்காகவே நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்லித் தோற்றோம்.

"நான் சொல்லாம அது திங்காதும்மா" என்றான் ஒரு நாள்.

"அப்ப நீ ஊருக்குக் கீருக்குப் போனா அது பட்டினி கிடக்கணுமாக்கும்?"

"நான் எங்கம்மா போகப்போறேன்?"

அம்மா அவனுக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டாள், அவன் வேண்டாம் என்று சொல்லியும்.

அடுத்த மழைக்காலத்தில் அவனுக்குப் படுத்தால் மூச்சு முட்டியது. உட்கார்ந்தே தூங்கினான். பெரிய ஆஸ்பத்திரிக்குக் குதிரை வண்டியில் கொண்டுபோனபோது, ஜிம்மி சந்து முனைவரை வண்டிக்குப் பின்னாலேயே வந்தது. "கோ ஹோம்" என்றான் அண்ணன். அது நின்றுவிட்டது. சொன்னதைக் கேட்கத்தானே அதற்குக் கற்றுக்கொடுத்திருந்தான். அவன் திரும்பி வரும்போது உயிரோடு இல்லை.

அடக்கம் முடிந்த அன்று சாயங்காலம் சந்துக்காரர்கள் எல்லாரும் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து ஜெபமாலை சொன்னார்கள். ஒவ்வொரு மணிக்கும் "ஆமென் சேசு", "ஆமென் சேசு" என்று வீடு முழுக்க அவன் பெயர். அம்மா மட்டும் வாயை இறுக மூடிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு அக்கா தோளைத் தொட்டு, "சொல்லுங்கக்கா, மனசு ஆறும்" என்றாள். அம்மா அழாமல், சத்தமில்லாமல் சொன்னாள்: "ஆமென்னா அப்படியே ஆகட்டும்னு அர்த்தம். எம்புள்ள பேரைச் சொல்லி அப்படியே ஆகட்டும்னு நான் சொல்ல மாட்டேன்." அதன் பிறகு அவளை யாரும் வற்புறுத்தவில்லை.

ஜிம்மி சாப்பிடவில்லை. தட்டு வைத்தால் வழக்கம்போல உட்கார்ந்து முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு கட்டிலைப் பார்க்கும். கை வலித்துக் கீழே போடும், மறுபடி தூக்கும். அப்பா சொல்லிப் பார்த்தார். நான் அண்ணன் குரலை வரவழைத்துக்கொண்டு சொல்லிப் பார்த்தேன். காதை நிமிர்த்தியது, அவ்வளவுதான். தண்ணீரை மட்டும் நக்கிக்கொண்டு நாளுக்கு நாள் எலும்பு தெரியத் தொடங்கியது. அது துக்கத்தால் பட்டினி கிடந்ததா, இன்னும் அனுமதி வரவில்லையே என்று கிடந்ததா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. துக்கம் கேட்க வந்த ஸ்ரீரங்கத்து மாமா அதைப் பார்த்துக் கண் கலங்கி, "வாயில்லா ஜீவன், ஏதாவது பண்ணுங்கோம்மா" என்றார். "நான் என்னங்க பண்றது? அதுவாவது அவன்கூடப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போய்விட்டாள்.

நான் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஸ்கூலிலிருந்து வந்த ஒரு நாள், அம்மா தரையில் ஜிம்மிக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். தட்டில் பால் விட்டுப் பிசைந்த சோறு. "தின்னு" என்றாள். "தின்னுடா கண்ணு." பிறகு கோபம் வந்து, "தின்னுத் தொலையேன், என்னை ஏன் இப்படிக் கொல்றே?" என்று கத்தினாள். ஜிம்மிக்கு இப்போது உட்காரவும் தெம்பில்லை. படுத்தபடியே முன்னங்கால் இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தது.

அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்தினாள். எடுத்தாள். "ஆமென்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "சேசு" என்றாள்.

அண்ணனுக்குக் குரல் உடைந்திருக்கவில்லை. வாசலில் நின்று கூப்பிடுகிறவர்கள் உள்ளிருந்து பதில் சொல்வது அம்மாவா அவனா என்று தெரியாமல் விழிப்பார்கள்; எங்களுக்கு அது மறந்துபோயிருந்தது. ஜிம்மி தலையைத் தூக்கி, தட்டை இழுத்து, மெல்லத் தின்னத் தொடங்கியது. அதற்குப் பிறகுதான் அம்மா அழுதாள். அடக்கத்தன்று அழாத அழுகையையும் சேர்த்து, தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நான் புத்தகப் பையைக்கூடக் கழற்றாமல் போய் அவள் மடியில் விழுந்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே அது தட்டை நக்கிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து அம்மா நாய்க்குச் சோறு வைக்கும்போதெல்லாம் அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னாள். நாய்க்கு மட்டும்தான். கோவிலிலும் வீட்டு ஜெபத்திலும் அந்த இடம் வந்தால் அவள் வாய் மூடிக்கொள்ளும். இது சரியா என்று நான் அப்பாவிடம் கேட்டேன். "யாரைப் பாத்துச் சொன்னா என்னம்மா, கேக்க வேண்டியவருக்குக் கேக்கும்" என்றார். வருஷக்கணக்கில் இப்படியே போனது. நான் காலேஜில் சேர்ந்தபோது ஜிம்மிக்குக் கண் தெரியவில்லை. குரல் வந்த பக்கம் பார்த்துக் காலைத் தூக்கும். ஒரு நாள் காலையில் அது எழுந்திருக்கவில்லை. கிணற்றடியில் அப்பாவே குழி வெட்டினார். அன்று சாயங்காலம் வீட்டு ஜெபத்தில், அப்பாவும் நானும் முடிக்கும் இடத்தில், மூன்றாவதாக அம்மாவின் குரலும் சேர்ந்துகொண்டது. அப்பா கண்ணைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு கொஞ்ச காலத்திலேயே லத்தீனில் இருந்த பூசை தமிழுக்கு வந்தது, ஜெபங்களைத் திருத்தினார்கள். சேசு இயேசு ஆனார்; முடிவில் வெறும் ஆமென் போதும் என்றார்கள். எல்லாருக்கும் அது சின்னத் திருத்தம். எங்கள் அம்மாவுக்கு அப்படி இல்லை. சொல்ல மாட்டேன் என்று அத்தனை வருஷம் இருந்தவள், இப்போது விட மாட்டேன் என்றாள். கோவில் முழுக்க "ஆமென்" என்று நிறுத்திக்கொண்ட பிறகு, பெண்கள் பக்கத்திலிருந்து ஒரே ஒரு குரல் "சேசு" என்று முடிக்கும். சின்னப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். பல வருஷம் கழித்துப் புதிதாக வந்த சாமியார், "பழைய பழக்கம், பாட்டிக்கு மாத்திக்க முடியல" என்று என்னிடம் அன்பாகத்தான் சொன்னார். நான் ஆமாம் சாமி என்றேன்.

அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். சந்தில் எங்கள் வீடு இருந்த இடத்தில் மூன்று மாடிக் கட்டடம் நிற்கிறது, கிணற்றை மூடிவிட்டார்கள். நான் இன்னும் அதே கோவிலுக்குத்தான் போகிறேன், எல்லாரையும்போல ஆமென்னோடு நிறுத்திக்கொள்கிறேன். நிறுத்திய பிறகு, ஒரு பெயரைச் சொல்லும் நேரத்துக்குச் சும்மா இருக்கிறேன். அந்தப் பெயரில் எங்கள் வீட்டில் ஒரு பையன் இருந்தான் என்று தெரிந்தவள் இப்போது நான் ஒருத்திதான்.