ஒரே ஆணியில் ஒரு பட்டம்

மனிதவளத் துறையில் ஒரு வசதி உண்டு: தொழிலாளி நம்மை முதலாளியின் ஆள் என்று திட்டுவார், முதலாளி தொழிலாளியின் ஆள் என்று திட்டுவார், கடைசியில் யாருடைய ஆளாகவும் இல்லாமலே ஓய்வு பெற்றுவிடலாம்.

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில், மருந்து பாட்டிலுக்கு மூடி செய்யும் கம்பெனியில் நான் பதினோரு வருஷமாக உதவி மேலாளர். மேலாளர் ஆகஸ்டோடு ஓய்வு பெறுவதாக இருந்தார். அவர் நாற்காலி எனக்கு வேண்டியிருந்தது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அவர் வேலையையும் நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். "நிபுணர் பட்டம் ஒண்ணு வாங்கிடும்மா, நாற்காலி உனக்குத்தான்" என்றார் முதலாளி. பெயருக்குப் பின்னால் நாலு எழுத்தைச் சேர்த்துக்கொண்டு காத்திருக்கும் சக பாவிகளே, மிச்சத்தைக் கேளுங்கள்.

சேர்த்துவிட்டவர்

பயிற்சி நிலையத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். இந்தப் பட்டம் வந்துவிட்டால் பதவி உயர்வு, மரியாதை, பெரிய பெரிய ஆட்களின் பழக்கம் எல்லாம் வரிசையாக வரும் என்று மூச்சு விடாமல் சொன்னார். ஒரு இடத்தில் எச்சில் விழுங்க நிறுத்தியபோது, "நீங்க வாங்கிட்டீங்களா சார்?" என்று கேட்டேன்.

"எனக்குத்தான் வேலை இருக்கே மேடம்!"

சரியான விடை

மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்துக்கொண்டிருந்தேன். பேக்கிங் பிரிவு அஞ்சலை அழுதுகொண்டே வந்தாள். அவள் வீடு வீராம்பட்டினம். மகனுக்குக் காய்ச்சல் முற்றி, கதிர்காமம் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்களாம். "முதல்ல கெளம்பு, பேப்பர் எல்லாம் அப்புறம்" என்று கம்பெனி வண்டியிலேயே ஏற்றி அனுப்பினேன்.

அன்று சாயங்காலம் மாதிரித் தேர்வில் இதே கேள்வி. ஊழியர் அழுதுகொண்டு வருகிறார், முதலில் என்ன செய்வீர்கள்? வீட்டுக்கு அனுப்புவேன் என்று குறித்தேன். தவறாம். பொருந்தும் விதிமுறையைச் சரிபார்க்க வேண்டுமாம். மகன் தேறி, அஞ்சலை வேலைக்குத் திரும்பியதும் இதைச் சொன்னேன்.

"நீங்க அத்த பாத்து முடிக்கறதுக்குள்ள நானு அழுது முடிச்சி ஊட்டுக்கே போயிருப்பேன் மேடம்."

ஒரே ஆணி

உண்மைப் பரீட்சையில் புத்தகம் சொன்ன விடையையே எழுதித் தேறினேன். சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு எடுத்து வந்தேன். என் அறைச் சுவரில் ஒரே ஆணிதான். அதில் தினசரி காலண்டர் தொங்கியது. அதைக் கழற்றி மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டுப் பட்டத்தை மாட்டினேன். இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சென்னை வாடிக்கையாளர்கள் எங்கள் கம்பெனியை ஆய்வு செய்ய வர நாள் கேட்டார்கள். பட்டம் பெற்றவள் பேக்கிங் பெண்களிடம் போய் நாள் கேட்பதா? கம்ப்யூட்டரில் ஆறு மாத வருகைப் பதிவை அலசி, ஆட்கள் அதிகம் வருவது வெள்ளிக்கிழமை என்று கண்டுபிடித்து, ஆகஸ்டில் ஒரு வெள்ளியைக் கொடுத்தேன். இழுப்பறையில் கிடந்த காலண்டரைப் புரட்டியிருந்தால் தெரிந்திருக்கும், அது ஆடி ஐந்தாம் வெள்ளி. வீராம்பட்டினம் அம்மன் தேர்த் திருவிழா. பேக்கிங்கில் முக்கால்வாசிப் பேர் அந்த ஊர். வருஷா வருஷம் அந்த வேலைநாளை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக் கொடுத்தது சாட்சாத் நான்தான். கேட்காமலே எடுத்துக்கொள்ளும் லீவு என்பதால் யாரும் என்னிடம் சொல்லவும் இல்லை. ஆய்வுக்கு வந்தவர்கள் காலி ஹாலில் மின்விசிறி சுற்றுவதைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அஞ்சலைக்கு போன் போட்டேன்; பின்னால் ஒரே மேளச் சத்தம்.

"வருசா வருசம் நீங்கதான மேடம் லீவு உடுவீங்க, இந்த வருசம் என்னா, படிச்சிட்டீங்களா?"

நாற்காலி

"தேரு என்னைக்குன்னு தெரியாத ஆள எப்படிம்மா மேனேஜர் ஆக்கறது?" என்றார் முதலாளி. பிரான்சிலிருந்து வந்திருந்த அவர் மச்சான் மகன் மிஷேலுக்கு நாற்காலி போனது. நியமனக் கடிதத்தை நான்தான் தட்டச்சு செய்தேன். தப்பு என்னுடையது என்று நம்பி, பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மறுநாள் மிஷேலுக்காக மேலாளர் அலமாரியை ஒழித்தபோது, அடித்தட்டில் ஒரு பெட்டி. உள்ளே மிஷேலின் பெயரும் மேலாளர் பதவியும் அச்சடித்த விசிட்டிங் கார்டுகள். மேலே இருந்த பில்லில் ஏப்ரல் மாதத் தேதி. அப்போது நான் முதல் பாடத்தைக்கூடத் தாண்டவில்லை. அழுதது வீண் என்று தெரிந்ததும் வந்த கோபத்துக்கு அளவில்லை. பெட்டியை முதலாளி மேஜையில் வைத்து, "அப்ப என்னை எதுக்கு சார் படிக்க வச்சீங்க?" என்றேன். அவர் முகத்தில் ஒரு சங்கடமும் இல்லை.

"கஸ்டமர் ஃபாரத்துல பட்டம் வாங்கின நிபுணர் உண்டான்னு ஒரு கட்டம் இருக்கும்மா, அதுல டிக் அடிக்கணும்ல, மிஷேலுக்கு உக்காந்து படிக்கறதுக்கெல்லாம் நேரம் ஏது?"

தொழில்முறைப் பட்டத்தால் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன், நிச்சயம் உண்டு: அந்த ஆணிக்கே திரும்பி வந்துவிட்ட தினசரி காலண்டர், மின்விசிறிக் காற்றில் ஆடாமல் இருக்க, என் சான்றிதழ் பின்னாலிருந்து முட்டுக்கொடுக்கிறது.