அண்டா ரிங்டோன்

எனக்குச் சத்தம் ஆகும், இரைச்சல் ஆகாது. நெய்வேலி டவுன்ஷிப் பஜாரில் ரீசார்ஜ் கடை வைத்திருந்த வருஷங்களில் இந்த வித்தியாசத்தைச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். "தெரு முழுக்கக் கேக்குற மாதிரி ஒரு ரிங்டோன் போட்டுக் குடுங்க" என்று வந்து நிற்பார்கள். தெருக்காரன் என்ன பாவம் செய்தான்?

அப்போது பட்டன் போன் காலம். எங்கோ இறக்கிய பாட்டை அப்படியே ஏற்றி, கரகரவென்று அலறவிடும் கடைகள் இருந்தன. நான் சிடியிலிருந்துதான் எடுப்பேன். தாளம் விழுகிற இடம் பார்த்து வெட்டுவேன். தொடக்கத்தில் துளி மௌனம் விடுவேன், இல்லாவிட்டால் சில போன்கள் முதல் எழுத்தை விழுங்கிவிடும். சத்தத்தைக் கூட்டுவதற்கும் ஓர் எல்லை உண்டு, தாண்டினால் ஓட்டைத் தகரம்தான். முக்கியமாக, கம்ப்யூட்டர் ஸ்பீக்கரில் கேட்டு மயங்கக் கூடாது. எந்தப் போனில் அடிக்கப்போகிறதோ அந்தப் போனிலேயே கேட்டுப் பார்க்க வேண்டும். சுண்டைக்காய் அளவு ஸ்பீக்கரில் தவிலின் கனமெல்லாம் வராது.

மழைக்காலம் முடிந்த ஒரு நாள், குள்ளஞ்சாவடி பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். கையில் கணவரின் போன்.

"எவ்ளோ பெரிசா வைக்க முடியுமோ அவ்ளோ பெரிசா ஒரு பாட்டு வச்சிக் குடுக்கா. வூட்டுக்காரருக்குக் கேக்கவே மாட்டேங்குது."

"வைப்ரேஷன் வச்சுக்கச் சொல்லேன்."

"பல்லு வெளக்கிகினு, குளிச்சிகினு இருக்குற நேரத்துல மடியிலயா வச்சிகினு இருப்பாரு?"

விஷயம் இதுதான். அவர் நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் ஆள். கரி ஏற்றிப் போகும் கன்வேயர் பெல்ட் பக்கத்தில் வேலை. யார் எந்த ஷிப்டுக்கு வரவேண்டும் என்று மேஸ்திரி காலையில் போனில் சொல்வார். இவளோ விடியும்போதே முந்திரிக் கம்பெனிக்குக் கிளம்பிவிடுவாள், எடுத்துக் கொடுக்க ஆளில்லை. இரண்டு தடவை போனை எடுக்காமல் விட்டாயிற்று. "இன்னொரு வாட்டி எடுக்கலன்னா வேற ஆளப் போட்டுக்கறன்னுட்டாருக்கா" என்றாள். பெர்மனெண்ட் ஆகும் என்று பல வருஷமாகக் காத்திருக்கும் குடும்பம்.

நாகஸ்வரத்தில் உச்ச ஸ்தாயி ஒன்றைப் பிடித்து, கத்தி மாதிரி ஒரு ரிங்டோன் போட்டுக் கொடுத்தேன். கல்லும் எழுந்து உட்காரும்.

அந்த வாரமே அவள் கணவர் தனியாக வந்தார். ஐம்பதை நெருங்கும் வயது.

"போன்ல கம்ப்ளைண்டு இருக்குது மேடம். அடிக்கவே மாட்டேங்குது."

நான் போட்ட ரிங்டோனுக்கா கம்ப்ளைண்ட்? கடை போனிலிருந்து கூப்பிட்டேன். மேஜைமேல் அது அலறிய அலறலில் வாசலில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இவர் மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குச் சுரீரென்று வந்துவிட்டது.

"செவிடன் காதுல ஊதின சங்கு மாதிரில்ல இருக்கு!"

என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவர் அந்த வார்த்தையைச் சரியாகப் பிடித்துக்கொண்டார். தலை குனிந்தது. எனக்குப் புரிந்துபோயிற்று. என் நாக்கில் சூடு வைத்தால் என்ன என்று இருந்தது.

ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்து, எதிரே உட்கார்ந்து நிதானமாகக் கேட்டேன். எதிரில் நின்று பேசினால் புரியுமாம். போனைக் காதோடு ஒட்டிக்கொண்டால் மேஸ்திரியின் கட்டைக் குரலும் கேட்குமாம். மெல்லிய சத்தம், கீச்சுச் சத்தம் எதுவும் கேட்காதாம். வயதோ, வேலையோ, எதனாலென்று தெரியாது. டாக்டரிடம் போகலாமே என்றேன்.

"போனா சீட்டுல எழுதுவாருங்க. மேஸ்திரி காதுக்குப் போனா நாளைக்கே நான் வெளிய. நாளைக்கு பெர்மனெண்ட்டுனு வந்தாலும் மெடிக்கல்ல நிறுத்திடுவாங்க."

"வீட்டுல தெரியுமா?"

"ஐயோ, அவகிட்ட சொல்லிடாதீங்க. ஏற்கெனவே ஒரு வருஷமா எம்மேல கோவமா இருக்கா. வாயத் தொறந்து கூப்புட மாட்டா. எப்பப் பாரு பாத்திரத்தப் போட்டு இடிச்சிகினே இருக்கா. என்னா தப்புப் பண்ணன்னே தெரியல."

அவரைத் திரும்பி உட்காரச் சொல்லி, போனில் ஒவ்வொன்றாக அடித்துக் காட்டினேன். கேட்டால் கையைத் தூக்க வேண்டும். புல்லாங்குழல், வயலின், என் அருமை நாகஸ்வரம், எதற்கும் கை எழவில்லை. எதுதான் நன்றாகக் கேட்கும் என்றேன்.

"பெல்ட்டு ஹூட்டருங்க. அது கேக்கும்."

பெல்ட் ஓடத் தொடங்கும் முன், ஆட்கள் விலகுவதற்காக அடிக்கிற சங்கு அது. மறுநாள் அதையே போனில் பதிவு செய்துகொண்டு வந்தார். ஓட்டிக் காட்டினேன், கை எழுந்தது. அன்றைக்குத்தான் அந்த முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். இரைச்சலை வடிகட்டி நாளைக்குத் தருகிறேன் என்று பதிவை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

என் கணவரும் மைன்ஸ்காரர்தான், மதுரைப் பக்கம், பெர்மனெண்ட். அன்று வார லீவு. குவார்ட்டர்ஸில் நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து ஹூட்டரை ஓட்டினேன். மனிதர் துள்ளி எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார், லுங்கி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அத மொதல்ல அழி. பெல்ட் ஓடப்போகுதுன்னா மட்டுந்தான் அந்தச் சத்தம் கேக்கணும். எவன் பையிலயோ போன் அடிக்குதுன்னு நெனச்சு ஒருத்தன் நகராம நின்னான்னு வையி, அப்புறம் ஆளு இல்ல."

அங்கேயே அழித்துவிட்டேன். அந்த மனிதருக்குக் கேட்டது அது ஒன்றுதான், அதுவும் போயிற்று.

மறுநாள் அந்த மனிதர் வருவதற்கு முன்பே அவர் மனைவி வந்து நின்றாள். நாகஸ்வரமும் கேட்கவில்லை, வேறு வேண்டும் என்றாள். அவர் ரகசியத்தைக் காப்பாற்றினேன். ஆனால் வாயை அடக்க முடியவில்லை.

"அந்த மனுஷன்மேல அப்படி என்னம்மா உனக்கு ஒரு வருஷமா கோவம்?"

"கோவமா? அப்புடியா சொன்னாரு?" சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. "காது போனது எனக்குத் தெரியாதாக்கா? கூப்புட்டா திரும்ப மாட்டாரு. தொட்டா திடுக்குனு ஆயி, மூஞ்சியே செத்துப்பூடும். ஒருநாள் தண்ணி அண்டாவ ணங்குனு தட்டினேன். திரும்பினாரு. அதுலேர்ந்து அண்டாதான். எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா ஒடஞ்சிடுவாரு. சொல்லிடாதக்கா."

பெண்டாட்டியிடம் சொல்லாதே என்று அவர், புருஷனிடம் சொல்லாதே என்று இவள். நடுவில் நான், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள்.

"அந்த அண்டாவத் தூக்கிக்கிட்டு வா" என்றேன். அவள் போனபின் வந்த அவரிடம், இன்னும் முடியவில்லை, நாலு நாள் கழித்து வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். "அதுக்கும் ஒரு டிக்கெட்டு போடட்டுமான்னு கேக்கறான் கண்டக்டரு" என்றாள். ஷட்டரைப் பாதி இறக்கி, ஃபேனை நிறுத்தி, உள்ளங்கை, கரண்டிக் காம்பு, விரல் முட்டி என்று எல்லாவற்றாலும் தட்டவைத்தேன். காலி அண்டா வெறுமனே அதிர்ந்தது. பாதித் தண்ணீரில்தான் சரியாக வந்தது. அடியில் இருந்த கனத்தை அந்தப் போன் சொல்லாது. நடுவில் இருந்த 'ணங்'கை மட்டும் பிரித்து எடுத்து, கரகரப்பு வராத அளவுக்கு ஏற்றினேன். இரண்டு தட்டு, கொஞ்சம் விட்டு இன்னொன்று. வீட்டில் எப்படித் தட்டுவாளோ அப்படியே. எத்தனையோ பாட்டு வெட்டியிருக்கிறேன், இவ்வளவு பாடுபட்டதில்லை.

அவர் வந்தார். ஹூட்டர் ஆகாது, இன்ன காரணம் என்றேன். உடனே தலையாட்டினார். "அதுவும் சரிதாங்க. எனக்குத் தோணாமப் போச்சு."

புதிய ரிங்டோனை ஏற்றி, அவருக்குப் பின்னால் போனை வைத்து, கடை போனிலிருந்து கூப்பிட்டேன்.

திரும்பினார். போனைப் பார்க்கவில்லை. கடை வாசலைப் பார்த்தார். அங்கே அவள் நிற்கிறாள் என்று நினைத்துவிட்டார். யாரும் இல்லை. பிறகுதான் கண் போனுக்கு வந்தது.

"இது எங்க வூட்டு அண்டா."

நான் பேசவில்லை. என் ஆயுளில் அப்படி வாயை மூடியிருந்தது அன்றைக்குத்தான். இன்னொரு தடவை அடிக்கச் சொன்னார். அடித்தேன். முழுக்கக் கேட்டார்.

"ஒரு வருஷமாவா?" என்றார். "நான் கோவம்னு நெனச்சிகினு இருந்தங்க."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வாரம் அவள் வந்தாள். ரீசார்ஜ் செய்யத்தான் வந்தேன் என்றாள்.

"மேஸ்திரி கூப்பிட்டப்ப போன எடுத்துட்டாரா?" என்று நான்தான் பறந்தேன்.

"எடுத்துட்டாருக்கா. தெனமும் எடுத்துடறாரு. வேலைக்கிப் போய்க்கினுதான் இருக்காரு."

"வீட்டுல?"

ரீசார்ஜ் காசை மேஜைக் கண்ணாடிமேல் எண்ணி வைத்தாள்.

"நேத்து சோத்துக்குக் கூப்புட அண்டாவத் தட்டினேன். 'ஏண்டி, அண்டா நசுங்கிடப் போவுது. மெதுவாவே தட்டு, எனக்குக் கேக்குது'ன்னாரு."