எரித்த படத்தில் இருந்த மகள்

கொக்குவிலில் உள்ள ஒரு சிறிய ஆவணக் காப்பகத்தில் பழைய படங்களை ஸ்கான் செய்வது என் வேலை. ஒருநாள் முன்னாள் போராளி ஒருவர் ஊன்றுகோலோடு வந்து தன் படங்களைத் தந்தார். பள்ளிக்கூடம், கோயில் தேர், பிறகு ஒரேயடியாகப் புனர்வாழ்வு முகாமிலிருந்து விடுதலையான நாள். நடுவில் ஒன்றுமில்லை.

"இயக்கத்திலை இருந்த காலத்துப் படங்கள் இல்லையோ அண்ணை?"

"ஆமியிட்டைச் சரணடையப் போக முதல் எரிச்சுப்போட்டன். எல்லாத்திலையும் நான் யூனிபோமோடை நிண்டனான். மகளின்ரை படமும் அதுக்குள்ளைதான்."

மகள் கடைசிச் சண்டையில் ஷெல் விழுந்து இறந்தவள் என்றார்.

சீருடையில் நிற்பவரை மட்டும் வெட்டியெடுத்துவிட்டு மிச்சப் படத்தைக் காப்பாற்றி வைத்தவர்களை நான் அறிவேன். யோசிக்காமல் கேட்டுவிட்டேன்.

"உங்களை மட்டும் கத்தரிச்சிருக்கலாமே?"

"பிள்ளை என்ரை தோளிலையெல்லோ கிடந்தது. எப்பிடித் தங்கச்சி கத்தரிக்கிறது?"

மற்றவர்களின் படங்களைப் பார்க்கலாமோ என்று அவர் கேட்டார். யாருடைய கலியாணப் படத்திலாவது, ஓரத்திலாவது அவள் இருக்கக்கூடும் என்ற எண்ணம். பின்னேரம்வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எழும்பும்போது, "முகம் மறந்துகொண்டு போகுது. கண்டாலும் அவள்தானெண்டு மட்டுப்படுமோ தெரியேல்லை" என்றார்.

பிறகு அவர் வரவேயில்லை. இப்போதும் ஒவ்வொரு படத்திலும் யாரோ தூக்கி வைத்திருக்கும் குழந்தைகளைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். அவளைத் தாண்டிப் போயிருந்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை.