காற்றின் மேல் போட்ட பழி

என் ஹெல்மெட்டின் அடிவிளிம்பைச் சுற்றி, பச்சைக் கட்டம் போட்ட கைலித் துணியில் தைத்த ஒரு பட்டி இருக்கிறது. உள்ளே மெல்லிய ஸ்பாஞ்ச் வைத்து, கழுத்தோடு ஒட்டி நிற்கும்படி கையால் தைத்தது. ஹெல்மெட் இரண்டு முறை மாறிவிட்டது. பட்டி மட்டும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வந்துகொண்டே இருக்கிறது. பெட்ரோல் பங்கில் யாராவது அதைப் பார்த்துச் சிரித்தால், காற்றுச் சத்தம் குறைய என்று சொல்லிவிட்டுக் கிளம்புவேன். அதைத் தைத்துக் கொடுத்தவரின் வேலை, பாம்பன் பாலத்தின் மேல் நான் ஒரு தடவை தலையை ஆட்டியதால் போனது என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அப்போது நான் ராமநாதபுரத்தில் ஒரு மருந்துக் கம்பெனியின் ரெப். முதுகுளத்தூர், சிக்கல் பக்கமெல்லாம் என் பங்கு. மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பாதை கீழக்கரைக்காரரான இன்னொரு ரெப்புக்கு. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். அண்ணனைக் காக்கா என்று சொல்லும் அவர் ஊர் வழக்கப்படி, அவரை எல்லோரும் காக்கா என்றே கூப்பிட்டோம். எங்கள் இருவருக்கும் மேலே மதுரையில் ஒரு மேனேஜர். மாதம் ஒருமுறை ஏசி பஸ்ஸில் வந்து இறங்கி, எங்களில் ஒருவர் வண்டியின் பின்சீட்டில் ஏறிக்கொண்டு, நாள் முழுக்க டாக்டர்களைப் பார்க்க வருவார். இதற்கு ஜாயின்ட் ஒர்க் என்று பெயர். வேலை செய்தது நாங்கள். அவர் செய்ததெல்லாம் உட்கார்ந்திருந்ததுதான்.

சும்மா உட்கார்ந்திருந்தால்கூடப் பொறுத்திருக்கலாம். வண்டி ஊரைத் தாண்டியதும் ஆரம்பித்துவிடுவார். வெற்றி, விடாமுயற்சி, மனோபாவம். மூன்று நாள் பயிற்சி வகுப்பில் வாங்கி வந்ததை மூன்று வருடம் மென்றுகொண்டிருந்த மனிதர். ஹெல்மெட் போடமாட்டார், முடி கலைந்துவிடுமாம். எண்ணெய் வைத்துப் படிய வாரிய அந்த முடியைப் புயல் வந்தாலும் கலைத்திருக்க முடியாது. சிக்கல் தாண்டிவிட்டால் கடற்காற்று காதுக்குள் இரைய ஆரம்பிக்கும். அவர் சொல்வதில் பத்தில் ஒரு சொல்கூட வந்து சேராது. அது காற்று எனக்குச் செய்த உபகாரம். நிமிடத்துக்கு ஒரு தடவை தலையை ஆட்டி வைப்பேன். எங்கள் பக்கம் மேனேஜரைப் பின்னால் வைத்து ஓட்டிய ரெப்புகள் எல்லோரும் செய்தது அதுதான். பேச்சு முன்னே வராது, தலை மட்டும் தவறாமல் ஆடும்.

ஒருநாள் கிளினிக் வாசலில் இறங்கியதும் கேட்டார்: "வர்ற வழியில நான் சொன்ன மூணு பாயின்ட் என்ன, சொல்லுங்க பாப்போம்." காற்றில் கேட்கவில்லை என்றேன். குற்றம் காற்றில் இல்லை, என் மனோபாவத்தில் இருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னார். அடுத்த மாதம் மதுரையிலிருந்து ஒரு விண்ட்ஷீல்டு வாங்கி வந்து, பக்கத்தில் நின்று என் வண்டியில் மாட்ட வைத்தார். என் நெற்றி உயரத்துக்கு இருந்தது அது. ஓட்டிப் பார்த்தால் சத்தம் முன்னைவிட மோசம். ஷீல்டின் மேல் விளிம்பில் உடைந்த காற்று நேராக ஹெல்மெட்டில் வந்து மொத்தியது. அவரோ இறங்கி, "இப்ப எப்படி? பக்காவா இருக்குல்ல?" என்றார். காது இன்னும் இரைந்துகொண்டிருந்ததில் எனக்கு அதுவும் அரைகுறையாகத்தான் கேட்டது. வழக்கம்போலத் தலையை ஆட்டினேன்.

காக்கா அந்த ஷீல்டைப் பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். "ஏன் தம்பி, வண்டிக்குக் கதவு போட்டுட்டாரா அந்த ஆளு?" என்றவர், அன்றைக்கே ரம்பம் எடுத்து வந்து மேலே ஒரு சாண் அறுத்து எறிந்தார். காற்று உடையாமல் நேராக வந்தால் ஹெல்மெட் தாங்கிக்கொள்ளும், உடைந்து வந்தால்தான் மொத்தும் என்றார். ஹெல்மெட்டின் உச்சியில் இருந்த காற்றுத் துளைகளில் டேப் ஒட்டினார். சத்தம் பெரும்பாலும் கீழே, கழுத்து வழியாகத்தான் ஏறுகிறது என்று சொல்லி, தன் பழைய கைலியைக் கிழித்து இந்தப் பட்டியைத் தைத்தார். போட்டுக்கொண்டு மண்டபம் வரை போய் வந்தேன். காற்று எங்கோ வெளியில் போய்க்கொண்டிருந்தது. என் வண்டியின் செயின் சத்தத்தையே அன்றுதான் முதலில் கேட்டேன்.

இவ்வளவு தெரிந்த நீங்கள் ஏன் உங்களுக்குச் செய்துகொள்ளவில்லை என்று கேட்டேன். அவர் தன் வலது காதைத் தொட்டுக் காட்டினார். "இது போன பெறகு கத்துக்கிட்டது தம்பி. பதினோரு வருசம் தொப்பி மாதிரி ஒரு ஹெல்மெட்டப் போட்டுக்கிட்டு இந்த ரோட்டுல காத்து வாங்குன காது. இப்ப விசில் சத்தம் மட்டுந்தான். இடதும் கொஞ்சங் கொஞ்சமாப் போகுது." டாக்டர்கள் ஒன்று கேட்க அவர் வேறொன்றுக்குப் பதில் சொல்வதை நானும் ஒன்றிரண்டு தடவை பார்த்திருந்தேன். "மேனேஜருக்குத் தெரிய வேணாம். மக நர்சிங் முடிக்க இன்னும் ரெண்டு வருசம் இருக்கு. அதுவரைக்கும் அல்லா இந்த ஒரு காத விட்டு வச்சாப் போதும்," என்றார். நான் யாரிடமும் சொல்லமாட்டேன் என்றேன்.

அடுத்த மாதம் வந்த மேனேஜர், அறுபட்ட ஷீல்டைக் கண்ணால் பார்த்தும் கவனிக்கவில்லை. தான் வாங்கிக் கொடுத்ததைத் தானே அடையாளம் காணத் தெரியாத ஞானி. அன்று காக்கா மகளின் கல்லூரி வேலையாக லீவு போட்டிருந்தார். "அவர் ஏரியாவை நாம பாத்துட்டு வருவோம்," என்று மேனேஜர் என்னை ராமேஸ்வரம் பக்கம் ஓட்டச் சொன்னார். பாம்பன் பாலத்தில் ஏறினோம். கீழே படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. தோளுக்கு மேல் குனிந்து அவர் கேட்டார்: "அவருக்குக் காது கேக்கலைன்னு ரெண்டு டாக்டர் சொல்றாங்க. நீங்க கூடவே இருக்கீங்க. நெசந்தானே?" அதற்குப் பிறகும் ஒன்று சொன்னார்: "அவர் போயிட்டா இந்த ராமேஸ்வரம் லைன் உங்களுக்குத்தான்."

நான் தலையை ஆட்டினேன்.

மூன்றாம் வாரம் காக்காவை மதுரைக்குக் கூப்பிட்டு, அவர் கையாலேயே ராஜினாமா எழுதி வாங்கினார்கள். கூட வேலை பார்ப்பவரே பாம்பன் பாலத்தில் வைத்து ஒப்புக்கொண்டுவிட்டார் என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். காக்கா நேராக என் அறைக்கு வந்தார். கோபமாக வரவில்லை, அதுதான் கொடுமை. "பாலத்துல என்ன கேட்டாரு தம்பி?" என்றார். "காத்துல ஒண்ணுமே கேக்கல காக்கா. எப்பவும் போல தலைய ஆட்டி வச்சேன்," என்றேன். அவர் உடனே நம்பிவிட்டார். காற்றில் கேட்காமல் தலையாட்டியே காலத்தை ஓட்டிய மனிதர்தானே அவரும். "அந்தக் காத்துல யாருக்குத்தான் கேக்கும்? விடுங்க," என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. அவர் தைத்துக் கொடுத்த பட்டி கழுத்தில் இருந்தது, அவர் அறுத்துக் கொடுத்த ஷீல்டு முன்னால் இருந்தது. கேட்காமல் எப்படி இருக்கும்? இத்தனை வருடமாக அந்த மேனேஜரை எத்தனை பேரிடம் எத்தனை விதமாகக் கேலி செய்திருக்கிறேன். அவர் முட்டாள், தற்பெருமைக்காரர், எல்லாம் உண்மை. ஆனால் அவர் கேட்டது ஒரு கேள்விதான். பதில் என்னுடையது. ராமேஸ்வரம் லைனில் ஆறு வருடம் ஓடினேன். அந்த ஆறு வருடமும் காக்காவின் பட்டிதான் என் காதைக் காப்பாற்றியது. இதைவிடக் கேவலமான ஒரு பிழைப்பு எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

போன மாதம் கீழக்கரையில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். காக்காவும் வந்திருந்தார். இப்போது வீட்டோடு இருக்கிறார். மகள் நர்சிங்கைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு துணிக்கடையில் நிற்கிறாள் என்று அங்கேதான் கேள்விப்பட்டேன். கிளம்பும்போது அவர் வண்டிவரை வந்தார். கண்ணாடியில் மாட்டியிருந்த ஹெல்மெட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. பட்டியைத் தடவிப் பார்த்தார். "அட, இன்னும் வச்சிருக்கீகளா? தையல் விடலையே!" பிறகு ஒரு தொழிலாளிக்கே உரிய அக்கறையுடன் கேட்டார்: "காத்துச் சத்தம் வராம நல்லாக் கேக்குதா தம்பி?"

நான் அவருடைய வலது பக்கம், விசில் மட்டும் கேட்கும் அந்தக் காதோரம் போய் நின்றுகொண்டேன். தெரிந்துதான் போய் நின்றேன். "நல்லாக் கேக்குது காக்கா," என்றேன். "அன்னைக்கும் கேட்டுச்சு. பாலத்துல."

அவர் என் வாயைப் பார்த்தார். ஒரு கணம் பார்த்துவிட்டு, சிரித்தபடி தலையை ஆட்டினார். நான் ஹெல்மெட்டைப் போட்டு, பட்டியைக் கழுத்தோடு இழுத்துவிட்டுக்கொண்டு, வண்டியைக் கிளப்பினேன்.