குளம்பின் சூடு

தெல்லிப்பழையில் என் கணவர் ஆசையாய் வளர்த்த பெண்குதிரைக்குக் குளம்புகளுக்குள் அழற்சி வந்தது. பச்சைப் புல்லே கூடாது என்றார் மிருக வைத்தியர். கொட்டிலில் மணல் பரப்பி, காய்ந்த புல்லையும் இனிப்புச் சத்துக் கரைந்துபோக ஊறவைத்துக் கொடுத்தோம். இரண்டு மாதத்தில் அது நொண்டாமல் நடந்தது.

மழை விட்டிருந்த ஒரு காலை, முன்கால் குளம்பைத் தொட்டேன். சுட்டது. அதற்கு மேலே நாடி பலமாக அடித்தது.

"இஞ்சேருங்கோ, திரும்பவும் சுடுது."

என் கணவர் கிட்ட வரவில்லை. "முந்தநாள் நான்தான் பின்வளவிலை மேய விட்டனான். புல்லைப் பாத்துக் கனைச்சுக்கொண்டே நிண்டது. மனம் கேக்கேல்லை."

குதிரை முன்கால்களை நீட்டி, பாரத்தையெல்லாம் பின்னே சாய்த்து நின்றது.

ஒரு கிழமையில் குளம்புக்குள் இருந்த எலும்பு இறங்கி அடிக்குளம்பைத் துளைத்துவிட்டது. வைத்தியர் கடைசி ஊசியைப் போட்டபோது, அதன் தலையை என் கணவர்தான் பிடித்துக்கொண்டிருந்தார்.