மச்சினன் படித்த தவளைப் படிப்பு

அரியலூர் கூட்ஸ் ஷெட்டில் வெகுகாலம் மூட்டை தூக்கியவன் நான். கருவாட்டு மூட்டை, உப்புப் போட்ட தோல் கட்டு, மழையில் நனைந்து புழு வைத்த புண்ணாக்கு எல்லாம் இந்தத் தோளில் ஏறி இறங்கியிருக்கின்றன. பள்ளிக்கூடம் போனதில்லை. மூட்டைகளின் மேல் மையால் எழுதியிருக்கும் ஊர்ப் பெயர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டேன். எனக்கு முதலில் வாசிக்க வந்தது அம்மா இல்லை, விருத்தாசலம். அது கிடக்கட்டும். நாற்றத்துக்கு முகம் சுளிக்கிற ஆள் இல்லை நான் என்று சொல்ல வந்தேன். அப்படிப்பட்ட எனக்கே குமட்டியது என் மச்சினன் படித்த படிப்பு.

மச்சினன் என்றால் என் மனைவியின் தம்பி. ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரிக் கொல்லைக்காரர்கள். எழுபதுகளின் கடைசியில், அரியலூரில் காலேஜ் படிக்க எங்கள் வீட்டில் வந்து தங்கினான். டாக்டருக்குப் படிக்க மார்க் பத்தவில்லை, விலங்கியல் கிடைத்தது. எங்களுக்கு ஒரே மகள். அப்போது பாவாடை சட்டையில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். எங்களில் அக்காள் மகளுக்குத் தாய்மாமன்தான் முதல் உரிமைக்காரன். அவள் பிறந்ததுமே, "இது ஒனக்குத்தான்டா" என்று சிறுவனாயிருந்த அவன் மடியில் போட்டுவிட்டார்கள். அவனுக்கு என்ன வேலை அமைகிறதோ அதுதான் என் மகளுக்கு வாழ்க்கை.

காலேஜ் விட்டு அவன் வரும்போதே ஒரு மருந்து வாடை கூட வரும். மூக்குக்குள் ஊசி வைத்து இழுக்கிற மாதிரி இருக்கும். நாகப்பட்டினத்திலிருந்து வந்த சுறாமீனை மருந்தில் ஊறப்போட்டு அறுத்தோம் என்பான். சோப்புப் போட்டாலும் போகாது. அந்தக் கையோடு சோறு பிசைவான். நான் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவேன். ஒருநாள் அடுப்புப் பற்றவைக்க என் மனைவி தீப்பெட்டியைத் திறந்தாள். உள்ளே கரப்பான் பூச்சிகள், உயிரோடு. அதுகளின் வாயைப் பிய்த்துக் கண்ணாடியில் ஒட்ட வேண்டுமாம். தம்பி என்பதால் அவள் சிரித்துவிட்டு நெருப்புக்குப் பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பரீட்சை சமயத்தில் ஒரு மத்தியானம் வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறேன், கொல்லைப்புறத்தில் மூன்று கல் வைத்து வெண்கலப் பானை கொதிக்கிறது. குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கிற பானை. வேறு எதற்கும் அதை இறக்க மாட்டோம். மூடியைத் தூக்கினேன். வெள்ளை வெளேரென்று ஒரு தவளை, கைகளை விரித்துக்கொண்டு மல்லாந்து மிதந்தது. தோல் உரித்துவிட்டால் அது பச்சைப் பிள்ளை மாதிரி இருக்கும். அதுவரைக்கும் எனக்குத் தெரியாது.

"எலும்ப எடுத்து அட்டையில ஒட்டிக் குடுக்கணுமாங்க. மார்க் போடுவாங்களாம்" என்றாள் மனைவி.

"எந்தப் பானைய எடுத்துக் குடுத்திருக்கன்னு தெரியுதா புள்ள?"

"மத்ததெல்லாம் ஓட்டையா இருந்துச்சு. புளி போட்டுத் தேய்ச்சுக்கிறேன். நீங்க ஊரக் கூட்டாதீங்க."

தேய்க்கத்தான் தேய்த்தாள். அந்தப் பங்குனியில் கோயிலில் அதே பானையில் பொங்கல் பொங்கியது. பங்காளிகள் எல்லாம் கையேந்தி வாங்கித் தின்றார்கள். நான் காய்ச்சல் என்று சொல்லிக் கோயில் திண்ணையிலேயே ஓரமாகப் படுத்துக்கொண்டேன். அங்கேதான் ஒரு பெரியவர், எனக்குச் சித்தப்பா முறை, மச்சினனைப் பிடித்துக்கொண்டார். உறவு முழுக்க அவனை மாட்டு டாக்டருக்குப் படிக்கிறவன் என்றே நினைத்திருந்தது.

"தம்பி, நம்ம செவலைக்கு மடி கட்டிக்கிச்சு. வந்து பாரேன்."

"இது வைத்தியப் படிப்பு இல்லீங்க. ஒடம்பு எப்படி அமைஞ்சிருக்குன்னு படிக்கிறது."

"அதுல மாடு வராதா?"

"வருங்க. ஆனா நோவு பாக்கத் தெரியாது."

"அப்ப செத்த மாட்டுக்குப் படிக்கிறன்னு சொல்லு."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். ஆனால் பொங்கலை அப்படியே இலையில் வைத்துவிட்டான்.

பாஸ் பண்ணினான், நல்ல மார்க். திருச்சியில் வேலைவாய்ப்பு ஆபீசில் பதிந்துவிட்டு வந்தான். கொசு ஒழிக்கிற டிபார்ட்மெண்ட் என்றார்கள், மீன்வளம் என்றார்கள், வாத்தியார் வேலை என்றார்கள். ஒவ்வொன்றுக்கும் போனான், வந்தான். பெரம்பலூரில் ஒரு டுடோரியலில் கொஞ்ச நாள் பாடம் எடுத்தான். அதையும் மூடிவிட்டார்கள். பெரம்பலூருக்கு ரயில் கிடையாது, பஸ்ஸில்தான் போய் வரவேண்டும். டிரைவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருவதில் அவனுக்கு ஒரு ஆசை. அந்த சந்தோஷமும் போயிற்று. மகள் தாவணி போட்டு, பிறகு சேலையும் கட்டிவிட்டாள். இவன் முகத்தில் தாடி வளர்ந்ததுதான் மிச்சம்.

அப்புறம்தான் அந்தக் கம்பெனி வந்தது. தவளைக்காலை ஐஸில் வைத்துக் கப்பலேற்றி வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனி. திருமழபாடிக்குப் பக்கத்தில், கொள்ளிடக்கரை வயல்களை நம்பிக் கொட்டகை போட்டார்கள். சரக்கு நல்ல சரக்கு என்று கையெழுத்துப் போட விலங்கியல் படித்த ஆள் வேண்டுமாம். மச்சினன் சூப்பர்வைசர் ஆனான். என் மனைவி தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தாள்.

"கல்யாணத்தத் தை மாசம் வச்சுக்கலாமான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க" என்று என்னை அனுப்பினாள். ஐப்பசி, விடாத தூறல். காலை பஸ்ஸில் போய் இறங்கினேன். கொட்டகை இருக்கும் இடத்தை யாரிடமும் கேட்கவில்லை, காக்கை பறந்த பக்கம் நடந்தேன்.

சாக்குச் சாக்காகத் தவளையைக் கொட்டுகிறார்கள். ஒருவன் பிடித்துக் கட்டையில் வைக்கிறான், இன்னொருவன் இடுப்பில் வெட்டுகிறான். கால் ஜோடி ஐஸ் தண்ணீருக்குப் போகிறது. மேல்பாதி குப்பைக்குப் போகிறது. அந்த மேல்பாதி சாகவில்லை. குடலை இழுத்துக்கொண்டு இரண்டு கையால் நகர்கிறது, ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிறது, கண்ணைத் திறந்து திறந்து மூடுகிறது. நாய் ஒன்று தின்று தின்று அலுத்துப்போய்ப் பக்கத்திலேயே படுத்திருந்தது. மச்சினன் வெள்ளைக் கோட்டும் ரப்பர் பூட்ஸுமாக நின்று, காலை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, தோல் கிழிந்ததைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

"வாங்க மச்சான்."

"சாவலியேடா மாப்ள அது."

"நரம்பு கொஞ்ச நேரம் வேலை செய்யுங்க. காலேஜ்லயே பாத்ததுதான். இருங்க, சோறு வந்துரும், சாப்புட்டுப் போலாம்."

வெட்டுகிறவன் கூலிக்காரன், அவன் மேல் எனக்கு வருத்தமில்லை. பக்கத்தில் நின்று இது நல்ல கால், இது நொள்ளைக் கால் என்று பொறுக்க ஒரு பட்டம் வேண்டுமா. அதற்கா இவன் அத்தனை வருஷம் விளக்கெரித்தான். எச்சிலைத் துப்பிக்கொண்டே பஸ் ஏறினேன். தை மாதப் பேச்சை எடுக்கவே இல்லை. வீட்டில் மகள் கேட்டதற்கு, பார்த்ததை அப்படியே சொல்லிவிட்டேன்.

"ஏன், நீங்க கறி திங்காத ஆளா?" என்று மனைவி பாய்ந்தாள். தின்கிறவன்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனே வந்தான். தாடியை வழித்து, புதுச் சட்டை போட்டிருந்தான். அக்காள் சோறு போட்டு முருங்கைக்கீரைக் குழம்பு ஊற்றினாள். இரண்டு வாய் வைத்திருப்பான், மகள் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"மாமா, அந்த வேலைய வுட்டுருங்க. நாளைக்கே வேணாலும் கட்டிக்கிறேன்."

"வுட்டுட்டு?"

"வேற ஏதாவது பாருங்க."

"நீயே ஒண்ணு சொல்லு புள்ள. நான் படிச்ச படிப்புக்கு இந்த ஜில்லாவுல வேற என்ன வேலை இருக்கு? சொல்லு, செய்யுறேன்."

அவள் யோசித்தாள். நானும் யோசித்தேன். என்னோடு மூட்டை தூக்க வா என்று சொல்லலாமா என்றிருந்தது, சொல்லவில்லை. அக்காள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"இருந்தாலும் அது வேணாம் மாமா" என்றாள் மகள், மெதுவாக.

"சரி" என்று எழுந்து கை கழுவினான். குடையை எடுத்துக்கொண்டு, "வரேங்க்கா, வரேன் மச்சான்" என்று படியிறங்கிப் போய்விட்டான். பின்னாலேயே ஓடிக் கூப்பிட எங்களில் யாரும் போகவில்லை.

பாதிச் சோறு தட்டில் கிடந்தது, அவன் விரல் வைத்துப் பிசைந்தது பிசைந்தபடியே. அந்தத் தட்டை எடுக்க எனக்குக் கை போகவில்லை, ஒரு மனுசன் தின்ற மிச்சத்தைத் தொடக்கூட மனசு வரவில்லையே என்று என் மேலும் அருவருப்பாக இருந்தது. கொல்லையில் கொட்டிவிடச் சொல்ல வாயெடுத்தேன். அவன் உட்கார்ந்திருந்த இடத்திலேயே என் மனைவி உட்கார்ந்து தட்டை மடியருகே இழுத்தாள். எங்கள் இரண்டு பேரையும் பார்க்காமல், ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டாள்.